எட்டாவது குவியல்

மேய்ச்சல் நிலத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் சேறு முழங்கால் வரை இருந்தது. நுவாலா தள்ளுவண்டியைத் தள்ளுவதை விட்டுவிட்டு, திரும்பி நின்று பின்னோக்கி இழுத்தாள். அந்தச் சேற்றில் சக்கரம் அப்படித்தான் வரும். கடலிலிருந்து ஏறி வந்த மழை குன்றின் மேல் பாதியைக் கொட்டிவிட்டு மீதியை நிலத்தின் மேல் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. ஏழு குதிரைகளும் முதுகை மழைக்குக் காட்டி, முட்புதர் ஓரமாக நின்றன.

காய்ந்த புல்லை அவள் குவியல் குவியலாக வைத்துக்கொண்டே போனாள். ஒரு குதிரை உதைத்தால் இன்னொன்றின் மேல் படாத தூரம் விட்டு வைத்தாள். கூட்டத்துக்குத் தலைவனான கேப்டன் என்ற குதிரை முதலில் வந்தது. அது வாய் வைக்காமல் வேறு எதுவும் வாய் வைக்காது. மற்றவை தலைக்கொரு குவியலாகப் பிரிந்தன. கடைசியாக வந்த கிழட்டு வெள்ளைக் குதிரை பெஸ், ஏழாவதில் தலையைக் குனிந்தது. இரண்டு வாய் தின்பதற்குள் கேப்டனுக்குத் தன் புல் கசந்துவிட்டது. அது அடுத்ததை விரட்ட, அது அதற்கடுத்ததை விரட்ட, கடைசியில் பெஸ் விரட்டுப்பட்டு, எதுவும் நிற்காமல் இருந்த எட்டாவது குவியலுக்கு நகர்ந்தது. தினமும் நடப்பதுதான்.

கொட்டகைக் கம்பத்தில் புதிதாக ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள். பண்ணை முதலாளி பெரியவர் கஃப் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, முதியோர் இல்லத்துக்குப் போனதிலிருந்து மகன் ஃபெர்கல்தான் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறான். பார்த்துக்கொள்வது என்றால், கால்வே நகரத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் பார்ப்பது.

சனிக்கிழமை அவன் நேரிலேயே வந்தான். சேணம் வைக்கும் அறையில் பாக்கி என்பவன் டீ போட்டுக்கொண்டிருந்தான். பாக்கி டிராக்டர் ஓட்டுபவன். மனைவி வெளியே தள்ளியதிலிருந்து அக்கா வீட்டுப் பின்னறையில் படுக்கிறான். கொட்டகைக்குப் பின்னால் நுவாலா குடியிருக்கும் கேரவன் என்ற சக்கர வீடு பண்ணையுடையது; வேலை இருக்கும்வரைதான் அவளுக்கு. அதில் அடுப்பு நன்றாகச் சூடு தருமா என்று பாக்கி இரண்டு தடவை கேட்டிருக்கிறான். அவள் அதை மறக்கவில்லை.

"நுவாலா, நிலத்துல எத்தனை குதிரை இருக்கு?" என்று கேட்டான் ஃபெர்கல்.

"ஏழு."

"தினமும் எட்டுக் குவியல் வெக்கிறீங்க. எட்டாவது யாருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருக்கும் இல்ல. கேப்டன் ஒரு இடத்துல நின்னு திங்காது, எல்லாத்தையும் விரட்டிக்கிட்டே இருக்கும். ஏழே ஏழு வெச்சா, கடைசியா விரட்டுப்பட்டதுக்கு நிக்க இடமிருக்காது. ஒண்ணு கூட இருந்தா எத்தனை சுத்து சுத்தினாலும் அதுக்குன்னு ஒண்ணு காலியா இருக்கும். உங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான்."

"சரி. சாயங்காலம் பார்த்தா எட்டுமே காலி. காலியா நிக்கிறதுக்கு வெச்ச புல்ல யாரு திங்கிறா?"

"எல்லாம் சேர்ந்துதான்."

"உங்க தம்பிகிட்ட ஒரு குதிரை இருக்காமே. மேய்க்க இடமில்லாம ரோட்டோரம் கட்டிக்கிட்டு."

சிரிப்பு நின்றது. தம்பி ஃபின்டனின் குதிரையைப் பற்றி அவள் ஃபெர்கலிடம் ஒரு நாளும் பேசியதில்லை. பாக்கியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கலக்கிய டீயை மறுபடி கலக்கிக்கொண்டிருந்தான்.

"பாக்கி, நீங்க சொல்லுங்க. எட்டு வெக்கிற வழக்கம் உண்டா?" என்று ஃபெர்கல் கேட்டான்.

"நான் டிராக்டர் ஓட்டுறவன். குவியலையெல்லாம் நான் எங்க கண்டேன்?"

"இனிமே ஏழு," என்றான் ஃபெர்கல். இவனை முதன்முதலில் மட்டக்குதிரை மேல் தூக்கி உட்கார வைத்தவள் அவள்தான். அதை இப்போது சொல்லிக்காட்டி என்ன ஆகப்போகிறது? தலையாட்டினாள்.

திங்கட்கிழமையிலிருந்து ஏழு வைத்தாள். மழை விடவில்லை. கேமராவின் கண் தன் முதுகில் ஊர்வதுபோல் இருந்தது. ஆனால் அதைவிடப் பாக்கியின் மேல்தான் அவளுக்குக் கண். டிராக்டர் தடம் எங்கே போகிறது, யாரிடம் போனில் பேசுகிறான், புல்கட்டு அடுக்கின் பக்கம் ஏன் நிற்கிறான் என்று எல்லாவற்றையும் கவனித்தாள்.

பெஸ் பணம் கட்டிப் பண்ணையில் விடப்பட்ட குதிரை; அதன் சொந்தக்காரி டப்ளினில் டீச்சர். குளிருக்கென்று தடியான மழைப்போர்வை ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். அதன் பட்டை வயிற்றுக்கு அடியில் குறுக்கே போகும். உள்ளங்கை அகலம் மட்டும் தொங்கலாம். அதற்கு மேல் தொங்கினால், படுத்து எழும்போது கால் மாட்டி ஒடிந்துவிடும். ஒரு நாள் காலையில் அது தாழத் தொங்கியது. நுவாலா ஒரு துளை இறுக்கினாள். சில நாளில் மறுபடி தொங்கியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெஸ் கால் ஒடிந்தால் யார் தலை உருளும், கேரவன் யாருக்குப் போகும் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"பெஸ் போர்வையில கை வெச்சியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றான் பாக்கி.

"இருந்தா அதைப் பாரு."

"நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். உன் கண்ணுதான் எந்நேரமும் என் முதுகுல இருக்கு. போய்க் குதிரையைப் பாரு."

அவள் பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கி, கொக்கியின் மேல் நீலக் கட்டுக்கயிறால் தன் கைமுடிச்சு ஒன்றைப் போட்டாள். அவிழ்த்துவிட்டு மறுபடி அதேபோல் போட வேறொருவனால் முடியாது. மாட்டட்டும் என்று காத்திருந்தாள்.

அடுத்த வாரம் முடிச்சு அப்படியே இருந்தது. மழையில் ஊறி, உப்பி, யார் கையும் படாமல் இருந்தது. பட்டை மட்டும் முன்னைவிடத் தாழத் தொங்கியது.

நுவாலா கையுறையைக் கழற்றிவிட்டு, போர்வைக்குள் கையை விட்டாள். விரல்கள் ஒவ்வொரு விலா எலும்புக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் இறங்கின. வெளியே பார்த்தால் பெஸ் கொழுகொழுவென்றுதான் தெரிந்தது. தினமும் காலையில் போர்வைக்குள் கைவிட்டுப் பார்ப்பது அவளுடைய பழக்கம்தான். இந்த மழையில், இந்தப் பயத்தில், பட்டையைப் பார்த்தாள், பாக்கியைப் பார்த்தாள், கையை மட்டும் உள்ளே விடவில்லை. "தப்பு பண்ணிட்டேன், கிழவி," என்றாள். வெட்கத்தில் முகம் எரிந்தது.

ஃபெர்கலுக்குப் போன் செய்தாள்.

"பெஸ் நின்னு திங்க இடமில்லாம இளைச்சுப் போச்சு. எட்டாவதை மறுபடி வெக்கணும்."

"இப்பதான் போன்ல பார்த்தேன். நல்லா குண்டாத்தான் இருக்கு."

"அது போர்வை."

"மறுபடி எட்டாவதுக்கே வர்றீங்களே, நுவாலா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலை அவள் இரு கையாலும் ஒரு அணைப்புப் புல்லை எடுத்துக்கொண்டு புதருக்கு அந்தப்பக்கம், ரோட்டுச் சுவர் ஓரமாகப் போனாள். அங்கே கேமராவுக்குக் கண் தெரியாது. பெஸ்ஸைத் தனியாகக் கூட்டிப்போய்த் தின்னவிட்டு, அது முடிக்கும்வரை கேப்டனை விரட்டிக்கொண்டு நின்றாள். டிராக்டரில் போன பாக்கி பார்த்தான். வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பிறகு போய்விட்டான். போய்ச் சொல்லிவிடுவான் என்று அன்று முழுக்க எதிர்பார்த்தாள்.

அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் ஃபெர்கலின் கார் ரோட்டுச் சுவருக்கு வெளியே வந்து நின்றது.

"கை நிறையப் புல்லோட கேமராப் படத்தை விட்டு வெளியே போறீங்க. வெறுங்கையோட திரும்பி வர்றீங்க. தினமும்." அவன் சுவரையும் ரோட்டையும் பார்த்தான். "இங்கேர்ந்து உங்க தம்பிக்குத் தூக்கிப்போட வசதிதான்."

"அந்தப் போர்வையைத் தூக்கிப் பாருங்க, ஃபெர்கல். பார்த்துட்டுப் பேசுங்க."

அவன் தூக்கினான். மழை பெஸ்ஸின் விலாவில் வரிவரியாக ஓடியது. அவன் முகம் வெளுத்தது. நுவாலாவுக்கு ஒரு கணம் உயிர் வந்தது.

"இதோட வாயிலேர்ந்து பிடுங்கி வெளியே அனுப்பியிருக்கீங்க," என்றான் அவன். "எலும்பு தெரியாம என்ன செய்யும்?"

சத்தம் கேட்டுப் பாக்கி கேட் அருகே வந்து நின்றிருந்தான்.

"பாக்கி, நீ பார்த்தே. யாரு தின்னதுன்னு நீயே சொல்லு."

பாக்கி ரப்பர் பூட்ஸிலிருந்த சேற்றை கேட் கம்பியில் தேய்த்தான். "என்னை இதுல இழுக்காதே, நுவாலா."

வேலை போயிற்று; கேரவனை அவள் மறு வாரம் காலி செய்தாள். இரண்டு பையும் ஒரு அட்டைப்பெட்டியும்தான். பஸ்ஸுக்கு ரோட்டோரம் நின்றபோது சுவருக்கு மேலே நிலம் முழுதும் தெரிந்தது. கேரவன் புகைக்குழாயில் அதற்குள் புகை வந்துகொண்டிருந்தது.

பாக்கி தள்ளுவண்டியைச் சேற்றில் முன்னோக்கித் தள்ளி, மாட்டிக்கொண்டு, பிறகு திருப்பி இழுத்துக்கொண்டு வந்தான். குவியல்களை நல்ல இடைவெளி விட்டே வைத்தான். ஏழும் முடிந்தது. கேப்டன் அதற்குள் விரட்டத் தொடங்கியிருந்தது. பாக்கி வண்டிக்குத் திரும்பி இன்னொரு அணைப்பு அள்ளினான். நுவாலா பெட்டியைக் கீழே வைத்தாள். அவன் எட்டாவது இடத்தில் வந்து நின்று, கேமராக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு புல்லை மறுபடி வண்டியில் போட்டுக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தான்.

பெஸ் அந்த வண்டியின் பின்னாலேயே கேட் வரை போயிற்று. கேட் சாத்தப்பட்டதும் அங்கேயே நின்றது. புதுப் போர்வையில் மழை பளபளவென்று வழிந்துகொண்டிருந்தது.