கேட்டால் விடுகதை

சுந்தரபாண்டியனிடம் எதைக் கேட்டாலும் விடுகதைதான் வரும். விமானப்படையில் விமானம் ஓட்டுகிறவன். ஆக்ராவில் வேலை, சாரல் சீசனுக்கு இலஞ்சியில் லீவு. அறுபதாம் வருஷம் லீவில் வந்த அன்றைக்கே, சோறு போட்ட கையோடு அவன் பெண்டாட்டி வடிவம்மாள் கேட்டாள்.

"இந்தத் தடவையாவது என்னைக் கூட்டிட்டுப் போவியளா, மாட்டியளா?"

"மீட்டர் இல்லாத டாக்ஸி எது? சொல்லு பாப்போம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடை அவளுக்குத் தெரியும். பறக்கிறதுக்கு முன்னால் விமானம் தரையில் ஊர்ந்து போகுமாம், அதற்கு டாக்ஸி என்று பேராம். போன லீவிலேயே சொல்லித் தொலைத்தாயிற்று. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் புருஷனோடு இருந்தது லீவு நாள் மட்டும்தான். மற்றபடி அவளுக்கு வாய்த்தது மாமியார் உலகம்மாளும் தென்னந்தோப்பும். இந்தத் தடவையும் விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வதென்று அவளுக்கே தெரியவில்லை.

"குவார்ட்டர்ஸ் கெடைக்கலையே வடிவு. நான் என்ன செய்ய?" என்பது ஒன்றுதான் அவன் விடுகதை இல்லாமல் சொல்வது.

ஒருத்தன் போதாதென்று இன்னொருத்தன் வேறு. வடகரை கிதிர் முகம்மது, அதே ஆக்ராவில் அதே வேலை. லீவுகூடச் சேர்ந்தேதான் எடுப்பார்கள். காலையில் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான் என்றால் இரண்டு பேருக்கும் வாய் ஓயாது.

"காசு போட முடியாத பாக்கெட் எதுலே?" என்பான் கிதிர்.

"ஏர் பாக்கெட். வானத்துல காத்துக் குழி, ஆளைத்தான் தூக்கிப் போடும். டீ கெடைக்காத ஸ்டால் எது?"

"வேகம் செத்து விமானம் பொத்துனு விழுதே, அந்த ஸ்டால். அங்கன போனவன் டீ குடிக்கத் திரும்ப மாட்டான். சரி, டவருக்கே மொட்டை போட்ட ஊரு எது?"

"நம்ம தென்காசிதாம்லே!"

கோயில் கோபுரம் இடிந்து மொட்டையாக நிற்கிறதே என்று ஊருக்கெல்லாம் வயிற்றெரிச்சல். இவர்களுக்கு அதுவும் சிரிப்பு. தோற்றவன் ஜெயித்தவனுக்கு டீ போட்டுத் தர வேண்டும் என்று பந்தயம். யார் தோற்றாலும் டீ போட்டது என்னவோ வடிவம்மாள்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சுந்தரபாண்டியன் ஒழுங்கு. உலகம்மாள் அடுக்களையிலிருந்தபடி, "ஏலே, அரை வீசை கருப்பட்டி, சுக்கு, அரைப்படி நல்லெண்ணெய்" என்பாள். "அரை வீசை கருப்பட்டி, சுக்கு, அரைப்படி நல்லெண்ணெய்" என்று சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டுக் கிளம்புவான். ஒன்றையும் மறக்காமல் வாங்கியும் வந்துவிடுவான்.

"அது எங்க தொழில் பழக்கம் தங்கச்சி" என்றான் கிதிர். "டவர்ல இருந்து விமானத்துக்கு உத்தரவு வந்தா அப்படியே திருப்பிச் சொல்லணும். சொல்லிட்டா செஞ்சே ஆகணும். தூக்கத்துல உத்தரவு போட்டாலும் வாய் தானா திருப்பிச் சொல்லும்."

லீவு முடியப் போகிற சமயம் எல்லாரும் குற்றாலத்துக்குப் போனார்கள். அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சாரலில் நடுங்கிக்கொண்டே சூடாக வடை தின்றார்கள். உலகம்மாள் குற்றாலநாதரைக் கும்பிடப் போயிருந்தாள்.

"தங்கச்சி, உனக்கு ஒண்ணு போடுதேன்" என்றான் கிதிர். "ரெண்டு ரூம் உண்டு, கொல்லையில கொய்யா மரம் உண்டு, குழாயைத் திறந்தா தண்ணி உண்டு. ஆனா பூட்டு மட்டும்தான் குடியிருக்கு. அது என்ன?"

சுந்தரபாண்டியனுக்குப் புரையேறியது.

"அது யாரு வீடு அண்ணாச்சி?"

"எல்லாம் இவன் குவார்ட்டர்ஸ்தான். பொங்கலுக்கே சாவியை வாங்கிட்டு, கிறுக்கன் இன்னும் மெஸ்ஸுலதான் படுத்துக் கெடக்கான்."

சொன்ன பிறகுதான் கிதிர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். இன்னொரு வடை வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டான்.

வடிவம்மாளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வீடு இருக்கு. இல்லைன்னு பொய் சொல்லியிருக்கிய."

"அம்மாகிட்ட எப்படிட்டி கேக்க? தோப்பை யாரு பாக்கன்னு ஒரு வார்த்தை கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"என்னைக் கூட்டிட்டுப் போக உங்களுக்கு இஷ்டம் உண்டா, கெடையாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"உண்டு வடிவு" என்றான் மெதுவாக. "நீ இல்லாம அந்த வீட்டைத் திறக்கவே மனசு வரலை. அதான் மெஸ்ஸுல கெடக்கேன்."

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் மன்னித்திருப்பாள். "சரி, அதை விடு. மூக்கு உண்டு, சளி பிடிக்காது..." என்று தொடங்கினான். அவள் எழுந்து போய்விட்டாள்.

மேகத்துக்குள் விமானத்தைக் கொண்டு போய்த் திரும்புகிறவனுக்கு, பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை! பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தாள். இத்தனை நாளும் கேட்டதுதான் தன் தப்பு. கேட்டால் விடுகதை, உத்தரவு போட்டால் வேலை நடக்கிறது. ஆனால் புருஷனுக்கு உத்தரவு போடுவதா?

கிளம்புகிற அன்று மாலை தென்காசி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார்கள். சுந்தரபாண்டியன் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினான்.

"என்னட்டி வச்சிருக்கே இதுல?"

"முறுக்கு."

உலகம்மாள் மகன் நெற்றியில் திருநீறு பூசினாள். மெட்ராஸ் வண்டிக்கு மணி அடித்தார்கள். வடிவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். குரலை நடுங்க விடவில்லை.

"மெட்ராசுக்கு இன்னொரு டிக்கெட்."

"மெட்ராசுக்கு இன்னொரு டிக்கெட்" என்றது அவன் வாய்.

"வடிவம்மாளுக்கு."

"வடிவம்மாளுக்கு."

"அம்மாகிட்ட இப்பவே நேராச் சொல்லணும்."

"அம்மாகிட்ட இப்பவே நேராச்..." அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"திருப்பிச் சொல்லியாச்சுலே!" என்று கிதிர் கூவினான். "இனிச் செய்யலைன்னா ஆக்ரா பூரா நான்தான் சொல்லித் திரிவேன்."

"என்னலே அது?" என்றாள் உலகம்மாள்.

சுந்தரபாண்டியன் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "மீட்டர்..." என்று வாய் எடுத்தான். வடிவம்மாள் கண்ணை எடுக்கவில்லை. அவன் நிமிர்ந்து நின்றுகொண்டான்.

"அம்மா, வடிவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன்."

"தோப்பை யாரு பாக்க?"

"பக்கத்துத் தோப்பு சுடலைக்கண்ணு பாப்பான். நான் பேசிக்கிடுதேன். தை பொறந்ததும் நீயும் அங்கன வா."

உலகம்மாள் திருநீற்றுப் பையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். "எனக்குப் பிடிக்கலை" என்றாள். "ஆனா நீ விமானத்துல ஏறுன நாள்ல இருந்து எனக்கு வெளங்குற மாதிரிப் பேசுனது இதுதான். போ, டிக்கெட்டை எடு."

மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, மாத்திக் கட்டத் துணி?"

வடிவம்மாள் பெட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்போ முறுக்கு?" என்றான் சுந்தரபாண்டியன்.

"திங்க முடியாத முறுக்கு எது? சொல்லுங்க பாப்போம்."

வண்டி கடையநல்லூரைக்கூடத் தாண்டவில்லை, அவன் தொண்டையைச் செருமினான். "வடிவு, வால் உண்டு, ஆட்டாது..."

"வாயை மூடிட்டு வாங்க."

"வாயை மூடிட்டு வாறேன்."

திருப்பிச் சொல்லிவிட்டானே! விருதுநகர் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.