மேசையில் விட்ட தட்டு

சனிக்கிழமை, உடம்புச் சூட்டில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரிலிருந்து எடுத்தபோது அந்தக் கல்ச்சர் தட்டில் வெளிறிய புள்ளிகள்தான் இருந்தன. பச்சைக் குழந்தைகள் வார்டில் காய்ச்சலில் கிடந்த மூன்று குழந்தைகளில் ஒன்றின் ரத்தத்திலிருந்து வளர்த்தது அது. லேப் டெக்னீஷியன் முனிகிருஷ்ணன் தட்டை மேசைமேல் மூடிவைத்துவிட்டு ஜீவனஹள்ளியில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறினார். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், டிசம்பர் குளிரில் கிடந்த புள்ளிகள் எல்லாம் ரத்தச் சிவப்பு.

உடம்புச் சூட்டில் நிறத்தை மறைத்து, குளிர்ந்தால் காட்டுகிற கிருமி. செராஷியா என்று பெயர். அவருக்கு அது புதிதல்ல. எட்டு வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரித் தோட்டத்துக் குழாயடி மண்ணிலிருந்து அவரே பிரித்தெடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் வளர்த்துவந்தார். தீங்கில்லாதது என்றுதான் அவர் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நர்சிங் மாணவிகளுக்குக் கை கழுவும் வகுப்பெடுக்க அதைத்தான் எடுப்பார். முதல் பெண்ணின் உள்ளங்கையில் தடவிவிடுவார். அவள் அடுத்தவளோடு கைகுலுக்க, அவள் அதற்கடுத்தவளோடு குலுக்க, பன்னிரண்டாவது பெண்ணின் விரலைத் தட்டில் பதித்தாலும் மறுநாள் சிவப்பு முளைத்திருக்கும். அதிகம் பேசப் பிடிக்காதவர். பேசாமலே புரியவைத்துவிடும் அந்த வகுப்பில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

போன வாரம் திங்கட்கிழமை வகுப்பு முடிந்து அந்தப் பெண்கள் நேராகக் குழந்தைகள் வார்டுக்குத்தான் போனார்கள்.

இதற்குள் மேட்ரன் பிரிஜெட் குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தார். வார்டு ஆயா பாஞ்சாலி, கிருமிநாசினி பாட்டிலைக் கழுவாமல், குறையக் குறைய மேலேயே ஊற்றி நிரப்பியிருந்தாள். அதிலிருந்து ஒரு சொட்டைத் தட்டில் வளர்த்தபோதும் இதே சிவப்புதான் முளைத்தது. ஒரு சொட்டுகூட வீணாக்காதே என்று மேட்ரன்தான் சொன்னார் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. புதன்கிழமை அவளை வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தில் தலைமை டாக்டர் வித்யாலட்சுமி கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

தன் கிருமி இருந்த கண்ணாடிக் குழாயை, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்தால் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முனிகிருஷ்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தன் கிருமியையும் குழந்தையின் கிருமியையும் தனித்தனித் தட்டில் பரப்பி, மருந்து வில்லைகளை அடுக்கினார். எந்த மருந்துக்கு எது சாகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறுநாள் முடிவு வந்தது. இரண்டும் அதே மருந்துகளுக்கு அடங்கின, அதே மருந்துகளை மீறின.

புதன் காலை டாக்டரின் அறைக்குக் குழாயையும் தட்டுகளையும் எடுத்துப் போனார். மேட்ரன் உட்கார்ந்திருந்தார். பாஞ்சாலி கதவோரம் நின்றிருந்தாள். வகுப்பைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

"இதை வெச்சு ரெண்டும் ஒண்ணுன்னு நிச்சயமா சொல்ல முடியாது முனிகிருஷ்ணன்," என்றார் டாக்டர். "அந்த பாட்டில்ல கலந்த தண்ணியிலயே இருந்திருக்கலாம்."

"இல்லைன்னும் சொல்ல முடியாது மேடம்."

டாக்டர் கடிதத்தைக் கையெழுத்திடாமல் தள்ளிவைத்தார். இனி பாட்டிலைத் தினமும் காலி செய்து கொதிக்கவைக்க வேண்டும், அந்த வகுப்பு கூடாது, நடந்ததை முனிகிருஷ்ணனே எழுதித் தர வேண்டும் என்றார். இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மூன்றாவதைப் பற்றி இன்னும் சொல்வதற்கில்லை.

வராந்தாவில் பாஞ்சாலி பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்வாளோ என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"உங்களுக்கு எப்போ சார் தெரிஞ்சது?"

"திங்கக்கிழம."

"இன்னிக்கி புதன்." அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு நாளா அந்தத் தாய்ங்க மூஞ்சிய பாக்க முடியாம தலய குனிஞ்சிகினு நின்னேன் சார். என்னாலதான் அதுங்க செத்துடுமோன்னு."

"டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தார்.

மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை; பாட்டிலைக் கொதிக்கவைக்க வார்டுக்குத் திரும்பினாள்.