கடைசி வண்டி தாண்டியாச்சு

ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் முகாம் சாமான் விற்கும் கடைக்கு வாக்கி டாக்கி வாங்கப் போன அண்ணனும் தம்பியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். தம்பி டேரிலின் கையில் நாலு மஞ்சள் நிற வாக்கி டாக்கிகள் அடங்கிய பெட்டி. அண்ணன் லென் வெறுங்கையோடு வந்தான். தன்னிடம் இருக்கும் பழைய கறுப்பு ரேடியோவே போதும் என்று அவன் சொல்லிவிட்டான். அது செங்கல் மாதிரி கனக்கும். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த காலத்திலிருந்து அவனோடு இருப்பது.

டேரில் கடைக்காரியிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டுத்தான் வாங்கினான். எத்தனை வாட், மணல் புகுமா, கீழே விழுந்தால் தாங்குமா, பேட்டரி ஒரு பகல் முழுக்க நிற்குமா. நல்ல கேள்விகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் மனதைப் பறித்தது வேறு. இந்த மஞ்சள் பெட்டிகளில் ஒரு கோட் நம்பர் போட்டுக்கொள்ளலாம். போட்டுவிட்டால் அதே நம்பர் உள்ளவர்கள் பேசுவது மட்டும் காதில் விழும். அதே சேனலில் வேறு எவன் கத்தினாலும் பெட்டி வாயைத் திறக்காது.

"மத்தவன் பேசறது கேக்காத ரேடியோ எதுக்குடா? அதுக்குக் காதுல பஞ்சை வச்சுக்கலாமே" என்றான் லென்.

அப்பா மாதிரியே பிடிவாதம் என்று டேரில் கடைக்காரி எதிரிலேயே சொன்னான். அதுதான் லெனுக்குச் சுட்டது. அவன் கோபித்துக்கொண்டால் சண்டை போடுகிற ஜாதி அல்ல, பேச்சை நிறுத்துகிற ஜாதி. ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க, வான்கோழி வெட்டியதிலிருந்து பாத்திரம் கழுவியது வரை, தம்பியோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவன். மனைவி செத்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. நாலாவது மஞ்சள் பெட்டியை டேரில் உறை பிரிக்காமலே தன் வண்டியின் டாஷ்போர்டுக்குள் போட்டு வைத்தான். வழியில் மனம் மாறினால் கொடுக்கலாம் என்று நினைத்தான்.

சிம்சன் பாலைவனத்துக்குள் நாலு வண்டிகள் இறங்கின. முதலில் டேரிலும் அவன் மனைவி கோலீனும், நடுவில் இரண்டு குடும்பங்கள், கடைசியில் தனியாளாக லென். சக்கரக் காற்றைக் குறைத்துக்கொண்டு, வண்டி மூக்கில் கொடிக்கம்பம் கட்டிக்கொண்டு, சிவப்பு மணல் மேடுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் போன வண்டி கண்ணுக்குத் தெரியாது. அதனால் இவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு மேட்டையும் தாண்டியதும் கடைசி வண்டிக்காரன் "கடைசி வண்டி தாண்டியாச்சு" என்று சொல்ல வேண்டும். அது காதில் விழாமல் தலைவண்டி அடுத்த மேட்டில் சக்கரம் வைக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தைக் குழுவுக்குக் கற்றுக் கொடுத்ததே டேரில்தான்.

முதல் நாள் கோட் நம்பர் எதுவும் போடவில்லை. லென் கோபத்திலும் தன் கடமையை விடவில்லை. தம்பியோடு வேறு பேச்சு இல்லையே தவிர, மேட்டுக்கு மேடு "கடைசி வண்டி தாண்டியாச்சு" என்று கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தான். இரவு தீமூட்டத்தில் எல்லாரும் சாசேஜ் சுட்டுத் தின்றபோது அவன் தன் வண்டிப் பின்கதவில் உட்கார்ந்து டின் பீன்ஸைச் சூடாக்காமலே தின்றான். மஞ்சள் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடு என்று கோலீன் சொல்லிப் பார்த்தாள். அவனாக வந்து கேட்கட்டும் என்றான் டேரில். அவனும் அதே அப்பாவுக்குப் பிறந்தவன்தானே.

மறுநாள் காலை பின்னால் இன்னொரு கூட்டம் சேர்ந்துகொண்டது. ஆளைக் காணோம், ரேடியோவில் குரல் மட்டும் அதே சேனலில். ஒரு பெண்குரல் பச்சை பச்சையாகப் பேசியது. வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. நடு வண்டியில் குழந்தைகள் வேறு.

செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். வேறு சேனலுக்கு மாறியிருந்தால் லெனும் கூடவே மாறியிருப்பான், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பத்தாம் சேனல் எங்கள் மாதிரிக் குழுக்களின் சேனல், கண்டவனுக்குப் பயந்து நான் ஏன் இடத்தைக் காலி பண்ணணும் என்று டேரிலுக்கு வீம்பு. பொத்தானை அழுத்தி, எல்லாரும் கோட் பன்னிரண்டு போடுங்கள் என்று அறிவித்தான். அடுத்த நொடி அந்தப் பெண்குரல் அறுந்து போனது. என்ன நிம்மதி என்று சிரித்தான். அண்ணனின் செங்கல்லில் அந்த வசதியே கிடையாது என்பது அவன் புத்தியில் ஏறவில்லை. கடையில் அத்தனை பேச்சு இதைப் பற்றித்தான் நடந்தது, இருந்தும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு லெனிடமிருந்து சத்தமில்லை. முதல் மேட்டில் டேரில் காத்திருந்தான். மூன்றாவது வண்டியிலிருந்த கிரெய்க், லெனின் கொடி பின்னால் தெரிகிறது என்றான். சரி, வருகிறான், ஆனால் வாயைத் திறக்க மாட்டான் என்று டேரிலுக்கு எரிச்சல் மூண்டது. அடுத்த மேட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததில் கிரெய்க்குக்குக் கொடி தெரியவில்லை. நின்று பார்க்கலாம் என்றாள் கோலீன்.

டேரில் எல்லாருக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்திக்கொண்டே சொன்னான்: "விடுங்க அவனை. கோவிச்சுக்கிட்டு வர்றான். சாப்பாட்டு நேரத்துக்குத் தானா வந்து சேருவான்."

மூன்றாவது வண்டியில் யாரோ சிரித்தார்கள். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். ரொட்டி, பீட்ரூட், தேநீர் எல்லாம் முடிந்தது. லென் வரவில்லை. டேரில் இரண்டு தடவை கூப்பிட்டான், மூன்றாம் தடவை அவன் குரலே மாறிவிட்டது. மற்றவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு கோலீனை ஏற்றிக்கொண்டு வந்த தடத்திலேயே திரும்பினான். மேட்டுக்கு மேடு மனதுக்குள் அண்ணனைத் திட்டினான். திட்டுகிறவரை அவன் உயிரோடிருக்கிறான் என்பது மாதிரி இருந்தது.

உயரமான ஒரு மேட்டின் அடியில் லெனின் வண்டி கூரை தரையில் படக் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் முன்பின் பார்க்காத இரண்டு வண்டிகள். நிழலுக்காக நாலு பேர் ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மடியில் லெனின் தலை இருந்தது. அவன் முகத்தை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். பார்த்ததுமே டேரிலுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கதான் டேரிலா?" என்றாள் அந்தப் பெண். காலையில் அவன் வாயடைத்த அதே குரல். இப்போது அதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

அவன் தலையாட்டினான்.

"எங்களுக்கு எல்லாம் கேட்டுச்சு. நீங்க கோட் போடச் சொன்னதும், என்கிட்ட அது இல்லடா, சேனலை மாத்துன்னாரு. நீங்க பதில் சொல்லல. அப்புறமும் ஒவ்வொரு மேட்டுக்கும் கடைசி வண்டி தாண்டியாச்சு, கடைசி வண்டி தாண்டியாச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. பாவம், யார்கிட்ட சொல்றாருன்னு நாங்க சிரிச்சோம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கவுந்தப்புறம்தான் குரல் வேற மாதிரி ஆச்சு. முடிஞ்ச வேகத்துல வந்தோம். நெஞ்சு நசுங்கியிருந்துச்சு."

கோலீன் அழ ஆரம்பித்தாள். டேரில் மண்டியிட்டான். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டான், வேறு என்ன சொன்னான் என்று.



"அவரு பேசினதுதான் உங்களுக்குக் கேக்கலையே தவிர, நீங்க பேசினது எல்லாம் அவருக்குக் கேட்டுச்சு. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவான்னு சொன்னீங்கல்ல? அதுக்கப்புறம் காப்பாத்துன்னுகூடக் கேக்கல. நான் கோவிச்சுக்கலடா சின்னவனே, கோவிச்சுக்கலடான்னு, அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

லெனின் விரல்களுக்குள் அந்தப் பழைய செங்கல் அப்படியே இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திடீரென்று அது உயிர்பெற்றுக் கரகரத்தது. கிரெய்க்கின் குரல்.

"டேரில், லென் கிடைச்சாரா? இன்னும் கோவமாத்தான் இருக்காரா?"

டேரில் அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்தான். பொத்தானை அழுத்தினான்.

"செத்துட்டான்" என்றான். "கிரெய்க், எங்க அண்ணன் செத்துட்டான்."

பொத்தானை விட்டதும் மறுபடியும் அதே குரல் வந்தது.

"டேரில்? இருக்கீங்களா? ஏன் பதிலே இல்ல?"