ஏழாம் நம்பர் வீட்டுத் துணி

“இன்னாமே, உன் ஊட்டு போர்ல மட்டும் கங்கை பொங்குதா? கங்கம்மான்னு பேரு வெச்சிட்டா ஆயிடுமா?”

எதிர்வீட்டு சுமலதா தெருவின் நடுவில் நின்று கத்தினாள். பதினொரு வீட்டு வாசலிலும் ஆள் கூடியிருந்தது. நேற்றுவரை ‘யக்கா, யக்கா’ என்று குழைந்தவள் இன்றைக்கு ‘இன்னாமே’ என்கிறாளே என்பதுதான் கங்கம்மாவை முதலில் சுட்டது. கேள்வி அப்புறம்தான் காதில் ஏறியது.

“வாயை அடக்கிப் பேசு சுமா. என் துணி வெளுப்பா வந்துச்சின்னா நான் இன்னா பண்றது? நான் ஊட்ட சுத்தமா வெச்சிக்கிறேன்.”

“ஊட்ட தொடைச்சா பூமிக்கு அடியில தண்ணி வெளுக்குதாம்பா! கேட்டுக்கோங்க. எம்பொண்ணு காலெல்லாம் புண்ணாகி நிக்குது. வர வேண்டிய பைப்ப ஒரு முழத் துணியக் காட்டி நிறுத்திட்டியே!”

கங்கம்மா முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதில் இல்லாதபோது அவள் முந்தானையை உதறுவது தெருவுக்குத் தெரிந்த சங்கதிதான்.

நடந்தது இதுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாகப் பக்கத்துக் கம்பெனி ஒன்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று காலை அதன் அதிகாரி வந்து செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். பத்துத் துணிகள் துரு, பீடிக்கறை, வேகாத ஈரல் என்று விதவிதமான நிறத்தில் தொங்கின. நடுவில் ஒன்று மட்டும் மல்லிகைப்பூப்போல இருந்தது. அதன் கீழே ‘வீட்டு எண் 7, கங்கம்மா’. “ஒரே தெரு, ஒரே மண்ணு. இந்த அம்மா ஊட்டுல நல்லா வருதே? குறை தண்ணில இல்லீங்க. உங்க தொட்டியக் கழுவுங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். கார் கண்ணாடியை அவர் கடைசிவரை இறக்கவில்லை என்பதையும் தெரு குறித்துக்கொண்டது.

துணிக்கு மூலம் கடைசி வீட்டு மோசஸின் மகள் ஜெனிபர். சென்னையில் டிசைன் படிக்கிறாள். இந்த வருடம் அவளுக்குச் சுற்றுச்சூழலும் சமூகப் பொறுப்பும் என்று ஒரு பாடம். “பொறுப்ப படிக்க ரயிலேறிப் போவுது, ஊட்டுல ஒரு சட்டி கழுவாது” என்று அவள் அம்மாவே சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பாடத்துக்காகத்தான் ஜெனிபர் வீட்டுக்கு ஒரு மீட்டர் வெள்ளை மல் துணி கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினாள். தினமும் போர் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும், நாற்பது நாள்; பிறகு எல்லாத் துணியையும் காலேஜ் கண்காட்சியில் மாட்டுவாளாம். சாயம் கிடையாது, தூரிகை கிடையாது, தண்ணீரே வரையும் என்றாள். தெருவுக்கு இது புரியவில்லை. அரசாங்கம் ஏதோ தரப்போகிறது என்று புரிந்துகொண்டது. எது வந்தாலும் இரட்டிப்பாக வரட்டுமென்று அதே தெரு சுப்பிரமணி இரண்டு துணி கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

இருபதாம் நாள் கங்கம்மாவின் துணி தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் கடம்பத்தூரிலிருந்து மகள் அருணாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். புருஷன் வீரராகவன் போய்ச்சேர்ந்து ஆறு வருடத்தில் வந்த நான்காவது வரன். முன் மூன்றும் இந்தத் தெருத் தண்ணீரைப் பற்றிக் காதும் காதும் வைத்தமாதிரி விசாரித்துவிட்டுப் பின்வாங்கியவை. கங்கம்மா பஜாருக்குப் போய் அதேமாதிரி மல் வாங்கி, கேன் தண்ணீரில் அலசி, கொடியில் விரித்தாள். பழையது அடுப்புக்குள் போனது. மாப்பிள்ளையின் தாய் கொடித் துணியை விரலால் நெருடிப் பார்த்து, “பரவால்ல, நல்ல தண்ணிதான்” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் கங்கம்மா மிச்ச இருபது நாளும் கேன் தண்ணீரிலேயே முக்கினாள்.

சண்டை ஓய்ந்த மத்தியானம் ஜெனிபர் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஆன்ட்டி, நான் குடுத்த துணியில ஓரத்துல நீல நூல் ஓடும். உங்களுதுல இல்ல.”

கங்கம்மா வாசல் கதவைச் சாத்தினாள். “மாத்திட்டேன். இன்னா இப்போ? எப்போ பாத்த?”

“காலேஜ்ல மாட்டும்போதே.”

“தெரிஞ்சிகினே ஏன் மாட்டின?”

ஜெனிபர் காலண்டரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். “பத்து கறைக்கு நடுவுல அது ஒண்ணு வெள்ளையா... பாக்க நல்லா இருந்துச்சு ஆன்ட்டி. எங்க மிஸ் அதுகிட்டயே நின்னுட்டாங்க. கம்பெனிக்காரரும் அதத்தான் மொதல்ல போட்டோ எடுத்தாரு.” கங்கம்மா பக்கம் திரும்பினாள். “மாத்தினேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நானும் எழுதிக் குடுக்கறேன். பைப் வந்துடும்.”

“வியாழக்கிழமை நிச்சயம் வெச்சிக்கினு இன்னிக்கு எழுதித் தரணுமா? அந்தம்மா துணியத் தொட்டுப் பாத்துட்டுதான் தலையாட்டினாங்க. இதுவும் போச்சின்னா என் பொண்ண யாரு கட்டுவா, உங்க மிஸ்ஸா?”

உள் அறையிலிருந்து அருணா ஒரு தாளோடு வந்தாள். எல்லாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள். அவள் நிதானமாகப் படித்தாள்: “‘பங்கேற்பவரின் அனுமதி இல்லாமல் அவர் சொன்ன எதையும் யாரிடமும் வெளியிட மாட்டேன். இப்படிக்கு, ஜெனிபர்.’ இது நீதான எழுதின?”

“நான்தான்.”

“அப்போ வெளியிடாத.”

பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. ஜெனிபர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பாடத்தில், பங்கேற்றவர்களின் நம்பிக்கையைக் காப்பாற்றியதற்கென்றே தனி மதிப்பெண் உண்டாம். அவளுக்கு அது முழுசாக விழுந்தது.

தை மாதம் அருணாவுக்கும் கடம்பத்தூர் வசந்தகுமாருக்கும் கல்யாணம் ஆனது. சுமலதா வரவில்லை. அதற்குள் மகளை அழைத்துக்கொண்டு மீஞ்சூர்ப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டிருந்தாள். எதிர்வீடு பூட்டியே கிடக்கிறது. ஜெனிபர் பெங்களூரில் சோப்பு டப்பாவுக்குப் படம் போடுகிறாளாம். குழாய் வரவில்லை.

அருணாவுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது மாப்பிள்ளை போன் செய்தார். “பிரசவம் இங்கயே ஆவட்டும் அத்தை. அம்மா சொல்றாங்க.” காரணம் அவர் சொல்லவில்லை. கங்கம்மா கேட்கவுமில்லை.

வளையலும் அதிரசமும் எடுத்துக்கொண்டு, சென்ட்ரலில் இறங்கி வண்டி மாறி, உச்சிவெயிலில் அவள் கடம்பத்தூர் போய்ச் சேர்ந்தாள். சம்பந்தியம்மாள் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். துரு வாடையே இல்லாத தண்ணீர்; கங்கம்மா ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்துவிட்டு, மூன்றாவதுக்குத் தம்ளரை நீட்டினாள். வயிற்றின்மேல் கை வைத்தபடி நிலைப்படியில் நின்ற அருணா, அம்மாவின் தொண்டை ஏறி இறங்குவதையும் மாமியார் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள்.