மேடேறும்போது வரும் சத்தம்

பங்க்கில் அவள் கார்க் கண்ணாடியை இறக்குவதற்குள் பெட்ரோல் போடுகிற பெண் உயர்ரகமான தொண்ணூற்றைந்து ஆக்டேன் குழாயைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அது வேண்டாம்மா. தொண்ணூத்தொண்ணு போடு."

"இந்த வண்டிக்கா? போன தடவ நான் குழாய மாத்தி எடுத்ததுக்கு என்னை உண்டு இல்லன்னு ஆக்கிட்டீங்களே அக்கா!"

"இன்னிக்கு அதுதான். டேங்க நிரப்பிடு."

பக்கத்து இருக்கையில் இருந்த நாத்தனார் தலையைத் தூக்கினாள். "அண்ணி, அண்ணனுக்குத் தெரிஞ்சா கப்பல்லேர்ந்து நீந்தியே வந்துடுவான்."

வந்தால் நல்லதுதானே என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

கணவனுக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கப்பல் துறைமுகம் சேரும்போது கூப்பிடுவான். சாப்பிட்டியா, அம்மா எப்படி இருக்காங்க, சரி வைக்கிறேன். அவ்வளவுதான். பேச்சு இந்தப் பழைய காரைப் பற்றி என்றால் மட்டும் மனிதன் உருகிவிடுவான். இந்த எஞ்சினில் அழுத்தம் அதிகம், மட்டமான பெட்ரோல் தாங்காது, நேரம் வருமுன்பே உள்ளே எரிந்து இடிக்கும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்குவான். அதைக் கேட்பதற்காகவே அவள் மறந்தவள்போல், "எதைப் போடணும்னு சொன்னீங்க?" என்பாள். அந்தக் கேள்வியும் தேய்ந்துபோயிற்று. போன முறை, "டேங்க் மூடியிலயே எழுதியிருக்கு பாரு" என்று வைத்துவிட்டான்.

ஆகவே, அவன் கூப்பிடும் நாளான இன்றைக்கு, எஞ்சினில் நிஜமான சத்தமே வேண்டியிருந்தது.

மேம்பாலத்தில் ஏறும்போது அவனுடைய அழைப்பு வந்தது. நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டாள். வண்டி ஓட்டிய அவள் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியதுபோல் எஞ்சின் கடகடத்தது.

"ஏங்க, என்னமோ தட்டுது. கேளுங்களேன்."

"போனை முன்னால பிடி. மேடா? கால எடு, எடு! மெதுவா." குரல் அப்படியே காதருகே வந்துவிட்டது. மூச்சுக்கூடக் கேட்டது. இன்னும் ஒரு மேடு இருக்கக்கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

"எதப் போட்ட?"

"தொண்ணூத்தொண்ணு."

"தெரியாமயா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சுதான்."

நாத்தனார் போனை மெல்ல அவள் மடியில் வைத்துவிட்டு, வாழ்க்கையில் பாலத்தையே பார்க்காதவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஓரமா நிறுத்தி அணைச்சுடு" என்றான். பாலம் இறங்கியதும் அணைத்தாள். இனி அவன் வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"ஏன்மா இப்படிப் பண்ண?"

"வண்டின்னாதான் நீங்க இவ்வளவு நேரம் காது குடுக்கறீங்க."

அந்தப் பக்கம் அவன் இரும்புக் கதவைச் சாத்தும் ஓசை வந்தது. பிறகு, "நான் வைக்கல. பேசு" என்றான்.

எத்தனை இரவுகள் சேர்த்து வைத்த பேச்சு! ஒன்றுகூட வெளியே வர மாட்டேன் என்றது. அவன் காத்திருந்தான்.

"முன் டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா இருக்குங்க" என்றாள்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.