சஷ்டிக் காப்பும் மூக்குக் குழாயும்

எங்கள் வீட்டில் கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் எவரும் விரதத்தைப் பாதியில் விட்டதில்லை. குமரகோட்டம் முருகன் கோயிலில் சூரசம்ஹாரம் முடியும்வரை தண்ணீரும் இளநீரும்தான். பெரிய காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த ஐப்பசியில் என் மகன் முத்துக்குமாருக்கு அந்தக் காப்பை நான்தான் கட்டினேன்.

மறுநாள் சாயப் பட்டறையில் பட்டு நூலை வேகவைக்கும் கொப்பரை சரிந்தது. கொதிநீர் இடுப்பிலிருந்து பாதம்வரை அவன் தோலை உரித்துவிட்டது.

சென்னையில் தீக்காய வார்டில் சேர்த்தோம். மூக்கு வழியாகக் குழாய் இறக்கி உடனே ஆகாரம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர் ஷாரோன். முத்துக்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சலைன் ஏறுதே, அது போதாதா?" என்றேன்.

"அது ரத்தத்துக்குப் போகுது பெரியவரே. குடல் காலியாத்தானே கிடக்கு? இவ்ளோ பெரிய காயத்துல குடல் சுவர் தளர்ந்துடும். உள்ள இருக்கிற கிருமி ரத்தத்துல கலந்து உடம்பு பூரா பரவும். இப்பவே கொஞ்சம் கொஞ்சமா ஆகாரம் போனாத்தான் அந்தச் சுவர் தாங்கும்."

"சூரசம்ஹாரம் முடியட்டும்மா."

"அதுவரைக்கும் கிருமி காத்திருக்குமா?"

மருமகள் மஹாலட்சுமி என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மாமா. 'நைனா மூஞ்சில எப்படி முழிப்பேன்'னு சொல்லிக்கினு கெடக்குறாரு."

அப்போதுதான் விளங்கியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது முருகனுக்காக அல்ல, எனக்காக. உயிர் போனாலும் அப்பன் தலை குனியக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை. அப்படி ஒருவனைப் பெற்றவன் சும்மா நிற்கலாமா?

கையுறை மாட்டிக்கொண்டு அவன் மணிக்கட்டிலிருந்த காப்பை அவிழ்த்தேன்.

"வேணாம் நைனா."

"கட்டினவன் நான். விரதம் இந்த வூட்டோடது. மீதிய நான் இருக்கிறேன், நீ சாப்பிடு." மஹாலட்சுமியிடம் காப்பைக் கொடுத்து என் கையை நீட்டினேன்.

"உங்களுக்குச் சுகர் இருக்குதே மாமா."

"மயங்கி விழுந்தா உங்களுக்கும் குழாய்தான்," என்றார் டாக்டர்.

"பால் குடிச்சுக்கிறேன்."

"பாலா?" என்றான் முத்துக்குமார். "போன வருசம் நான் மோர் கேட்டதுக்கு அந்தத் திட்டு திட்டினியே நைனா."

குழாய் இறங்கியபோது அவன் முகத்தைத் திருப்பவில்லை.

சூரசம்ஹாரத்தன்று கோயில் வாசலில் பங்காளி குரு வழிமறித்தான். "இன்னாபா, உம் புள்ள விரதத்த முறிச்சுட்டானாமே?"

"அவன் ரத்தத்துல கிருமி இல்லன்னு டாக்டரம்மா இன்னிக்குச் சொல்லிட்டாங்க," என்றேன். "வழிய விடு. எங்க வூட்டு விரதத்த முடிக்கணும்."