இருபது வோல்ட் எங்கே போனது

"மார்ச் 11, செவ்வாய். ஒரு தவறு: மீட்டர் 4.0 ஆம்பியர் காட்டியது. நான் வகுப்பு நோட்டில் 4.35 என்று எழுதிவிட்டேன்."

நாட்குறிப்பில் ஒப்புக்கொண்ட பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. மாலை வகுப்பில் கொடுத்த வேலை சின்னதுதான். வீட்டுக் கருவி ஒன்றின் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து, மின்தடையையும் வாட்டையும் கணக்கிட வேண்டும். அக்காவின் தையல் அறையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அதில் 230 வோல்ட், 1000 வாட் என்று பொறித்திருந்தது. ஆயிரத்தை 230ஆல் வகுத்தால் 4.35. மீட்டரோ நான்கோடு நின்றுவிட்டது. வழக்கம்போல அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். வீட்டில் அவளைக் கூப்பிடுவதே 'சந்தேகம்' என்றுதான்.

மறுநாள் காலை அக்கா பெட்டியை ஓரமாக வைத்தாள்.

"இதோட கதை முடிஞ்சுது. சூடேறுறதுக்குள்ள எனக்கு நரை விழுந்துடும். சனிக்கிழமைக்குள்ள நாப்பது சீருடை போகணும். மத்தியானம் பழைய சாமான்காரர் வந்தா தூக்கிக் குடுத்துடறேன்."

"ஒரு பத்து நிமிஷம் குடுக்கா."

"உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா? சரி, அள. நான் பொத்தான் தைக்கிறேன்."

நேற்று அவள் ஆம்பியரை மட்டுமே பார்த்திருந்தாள். வோல்ட் 230தானே என்று அளக்காமலே போட்டிருந்தாள். இன்று நீட்டிப்பு வயரின் முனைக்கும் பெட்டிக்கும் நடுவே மீட்டரைச் செருகி, இரண்டையும் பார்த்தாள். பெட்டி அணைந்திருக்கும்போது 230. போட்டதும் 210. ஆம்பியர் அதே நான்கு.

210ஐ நான்கால் வகுத்தாள். 52.5 ஓம். பெட்டியில் பொறித்த கணக்குப்படி 52.9 வர வேண்டும். இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒட்டி நின்றன.

"அக்கா, பெட்டி மேல தப்பே இல்ல. அதுக்குச் சாப்பாடு போதல. ஆயிரம் வாட் கேக்குது, எண்ணூத்தி நாப்பதுதான் கிடைக்குது."

"அப்ப மீதிய யாரு தின்னாங்க?"

அந்தக் கேள்விதான் அவளையும் குடைந்தது. மீட்டரைக் கழற்றிச் சுவர் பிளக்கில் செருகி, அங்கிருந்து நீட்டிப்பு வயரைக் கொடுத்தாள். பெட்டி ஓடும்போதும் சுவரில் 230 குறையவில்லை. அப்படியானால் இருபது வோல்ட் வழியில்தான் தொலைகிறது. இருபதை நான்கால் பெருக்கினாள். எண்பது வாட். எங்கோ எதையோ சும்மா சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

சுவிட்சை அணைத்துவிட்டு வயரின் பின்னாலேயே போனாள். அது மேசைக்கு அடியில், வெட்டி வைத்த துணிக் குவியலுக்குள் நுழைந்தது. துணியை விலக்கினாள். மிச்ச வயர் அங்கே சுருட்டிக் கிடந்தது, நடுவில் டேப் சுற்றிய மூன்று முடிச்சுகள். தொட்டவள் சுட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அடித்துணியில் தேன் நிறத்தில் ஒரு கறை.

அக்கா ஊசியோடு குனிந்து பார்த்தாள். "உங்க மாமா போட்ட முடிச்சு. ஆயுசுக்கும் தாங்கும்னாரு."

"யாரோட ஆயுசுன்னு கேட்டியா?"

அக்கா சிரிக்கவில்லை. "நேத்தே அளந்தியே. அப்பவே தெரியலையா?"

"மீட்டர் சொல்லுச்சு. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

அக்கா துணி முழுவதையும் வாரி எதிர்ச் சுவரோரம் அடுக்கினாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை அதன் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"மார்ச் 12, புதன். 4.35ஐ அடித்து 4.0 என்று திருத்தினேன். நாளை: முடிச்சில்லாத தடித்த வயர் வாங்கிப் போட்டு, வோல்ட், ஆம்பியர் இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும். வருவதை அப்படியே எழுத வேண்டும்."